இந்தியா ஹவுஸ் நடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள லண்டன் நண்பர்களுக்கு,

தூறலையும் பாராமல் வட லண்டன் ஹைகேட்டிலிருந்து, இந்தியா ஹவுஸ் என்ற இந்திய ஹைகமிஷன் (தூதரகம்) இருக்கும் ஆல்ட்விச் வரை நடைக்குக் குடும்பத்தோடு வந்தீர்கள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"ஆல்ட்விச் ஹைகமிஷனைப் பார்க்க ஹைகேட் எதற்கு?" என்று பலரும் கேட்டபோது, அங்கேதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் பரமக்குடி அண்ணன். அவருக்கு முதல் கும்பிடு. 1905இல் விடுதலைப் போராளி சியாம்ஜி கிருஷ்ண வர்மா ஹைகேட்டின் குரோம்வெல் அவென்யூவில் திறந்த மாணவர் விடுதிக்கும் இந்தியா ஹவுஸ் என்றுதான் பெயர். சாவர்க்கரும் நம் வ.வே.சு. ஐயரும் கூடிப் பேசிய வீடு, போலீஸ் வேவு பார்த்த வீடு. அது மூடி இருபது வருடம் போனபின் அதே பெயரில் அரசாங்கமே ஆல்ட்விச்சில் கட்டடம் எழுப்பியது. வேடிக்கைதான்! 1930 ஜூலை 8இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் திறந்து வைத்தபோது காந்தி எரவாடா சிறையில் இருந்தார். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் வேதாரண்ய உப்பு யாத்திரை கிளம்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த ராஜனும் படிக்கிற காலத்தில் ஹைகேட் வட்டாரத்தில் ஐயரோடு பழகியவர். இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் அண்ணன்தான்.

பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் (இந்திய நிர்வாகத்தைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) கோப்புகளைச் சலிக்காமல் எடுத்துக் கொடுத்த ஊழியர்களுக்கும் நன்றி. புது தில்லித் தலைமைச் செயலகத்தைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கரே ஆல்ட்விச் இந்தியா ஹவுஸுக்கும் கட்டடக் கலைஞர். வெளியே லண்டன் கட்டடங்களில் அடிக்கடி பார்க்கும் போர்ட்லேண்ட் கல். அதன்மேல் மாகாணச் சின்னங்களைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் பாக்கி இருக்கிறது.

உள்ளே கூட்டமாகப் போக வழியில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் எங்கள் தெருவின் வங்காள அக்கா. ரணதா உகில், லலித் மோகன் சென், சுதாங்சு சௌதுரி, தீரேந்திர கிருஷ்ண தேவவர்மன் ஆகிய நால்வர் அங்கே தீட்டிய சுவரோவியங்களின் படங்களைப் பெரிதாக அச்செடுத்து வந்து, நடைபாதையிலேயே விளக்கினார். அரசரைவிட அந்த நால்வரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம், 1947இல் கிருஷ்ண மேனன் சுதந்திர இந்தியாவின் முதல் ஹைகமிஷனராக அங்கே வந்த கதையைச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. அடுத்த நடை அவரிடமிருந்து தொடங்கும். அக்காவின் படங்கள் என்னிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் நடை ஒருங்கிணைப்பாளர்