லோகோ மாறியதற்கெல்லாம் 2.0 போட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளின் 3.0 பதிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2004-இல் 2.0, அதற்கப்புறம் 2025 மார்ச்சில்தான் 3.0, ஒரு எண்ணை ஏற்ற 21 வருஷமா என்று கட்டுரையாளர் கிண்டலடித்திருந்தார். கிண்டல் இருக்கட்டும். ஆனால் முதல் எண் ஏறினால் மென்பொருள் வளர்ந்துவிட்டது, ஏறாவிட்டால் தூங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு கட்டுரை முழுக்க ஓடுகிறது. இப்படி நினைத்து ஏமாந்தவன் நான், வாங்கியும் கட்டிக்கொண்டவன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் எட்டு வருஷமாக ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறேன். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த கோப்புகளை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றித் தரும், அவ்வளவுதான். டிடிபி வேலை பார்ப்பவர்கள், பழைய புத்தகங்களை மறுபதிப்பு போடுபவர்கள் பயன்படுத்துகிறார்கள். பாமினியில் 'கொ' என்று அடிக்கக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று மூன்று விசை. யூனிகோடில் க முதலில் வந்தாக வேண்டும். என் கருவி 'க'வைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அதன் பின்னால் ஒட்டிவிடும். திரையில் அழகாகக் 'கொ' என்றே தெரியும். ஒருவர் எழுதினார்: யூனிகோடில் ஒகரத்துக்கு ஒரே குறி தனியாக இருக்கிறது, நீங்கள் ஏன் இரண்டாகப் பிரித்து வைக்கிறீர்கள்? நியாயமான கேள்வி. இருபது வரி மாற்றினேன், கொ, கோ, கௌ எல்லாம் சரியாகிவிட்டது, 1.4.2 என்று எண் போட்டு 'சிறு பிழைத்திருத்தம்' என்று எழுதி வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து போன். "சார், அதே கொடிதான், கண்ணு முன்னாடி இருக்கு, தேடுனா இல்லேங்குது." அவர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை என் பழைய பதிப்பில் மாற்றித் தேடுவதற்கு அட்டவணையும் செய்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்த பக்கங்களை 1.4.2-இல் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு 'கொடி'யும் பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தங்கள் தரவுத்தளம்தான் கெட்டுப்போய்விட்டது என்று மூன்று நாள் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தேடும் நிரல் ஒப்பிடுவதற்கு முன் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்க வேண்டும், தப்பு உங்கள் பக்கம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது சரி. அதனால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மறுநாளே மாற்றத்தைத் திரும்ப எடுத்து 1.4.3 போட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் திரையின் தோற்றத்தை முழுசாக மாற்றி, கறுப்புப் பின்னணி, புது லோகோ எல்லாம் போட்டு அதை 2.0 என்று அறிவிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். "என்னண்ணே, இத்தனை வருஷமா ஒண்ணுலயே நிக்குது" என்று நண்பர்கள் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாத உழைப்பு, ஆனால் அதனால் யாருடைய வேலையும் ஒரு நிமிடம் நிற்கப் போவதில்லை. இருபது வரி மாற்றம் ஒரு பதிப்பகத்தையே மூன்று நாள் நிறுத்தியது. 2.0 எதற்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு எழுதிவைத்த விதியே இருக்கிறது. டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த 'செமான்டிக் வெர்ஷனிங்' என்ற முறை: கடைசி எண் மாறினால் பிழைத்திருத்தம், நடு எண் மாறினால் புது வசதி, முதல் எண் மாறினால் பழையபடி வேலை செய்யாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, பார்த்து அப்டேட் செய்யுங்கள். எனக்கு இந்த விதி தெரியும். 'உடைப்பு' என்றால் சத்தம் கேட்கும், நிரல் சிவப்பாக எதையாவது கக்கிவிட்டு நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் என் தப்பு.

பைதான் என்ற நிரல்மொழியின் கதை இதற்கு நல்ல உதாரணம், நமக்கு நெருக்கமானதும்கூட. பழைய பைதான் 2-இல் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்று சொல்லும். நாம் எண்ணினால் த, மி, ழ், மூன்று. அது எண்ணியது கணினியின் சேமிப்பு அலகான பைட்டுகளை, யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 2008 டிசம்பரில் வந்த பைதான் 3.0-இல் அதே கேள்விக்கு 5 என்று பதில்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. (மூன்று என்று வர வேண்டுமென்றால் இன்றைக்கும் ஓப்பன்-தமிழ் மாதிரி தனி லைப்ரரி வேண்டும்.) தமிழ்ச் சொற்களை ஒரு பட்டியலில் போட்டு அச்சிடச் சொன்னால் பைதான் 2 எண்ணும் எழுத்தும் கலந்த குப்பையாகக் கொட்டும், அதைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்ட தலைமுறை நான். ஆகவே அந்த மாற்றத்துக்கு முதல் எண் தாராளமாகத் தகும். எழுத்தையும் பைட்டையும் குழப்பிக்கொண்டிருந்த எல்லா நிரலையும் திருத்தியே ஆக வேண்டியிருந்தது, பிரின்ட் என்ற கட்டளைக்குக்கூட அடைப்புக்குறி கட்டாயமானது. பைதான் 2-க்கான ஆதரவை 2020 ஜனவரி 1-இல்தான் நிறுத்த முடிந்தது, கிட்டத்தட்ட 11 வருஷம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

அதில் எனக்கு ஒரு குறை உண்டு. பைதான் 2-இல் யூனிகோட் எழுத்துச் சரத்துக்கு (ஸ்ட்ரிங்) முன்னால் ஒரு 'யு' போடுவோம். 3.0-இல் இனி எல்லாமே யூனிகோட் என்பதால் அது தேவையில்லை என்று எடுத்தே விட்டார்கள், போட்டால் பிழை. இருந்துவிட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்று. ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட நினைத்தவர்கள் அதனால் திண்டாடினார்கள், கடைசியில் 2012-இல் வந்த 3.3-இல் அந்த 'யு'வைத் திரும்ப அனுமதித்தார்கள். வீட்டை இடிக்க ஆள் வந்தாயிற்று, கையோடு இந்தத் திண்ணையையும் இடித்துவிடுவோம் என்கிற ஆசை பராமரிப்பாளர்கள் எல்லோருக்கும் வரும். எனக்கும் இப்போது வருகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் நேர் எதிர். 2003 டிசம்பரில் 2.6.0, 2011 மே மாதம் 2.6.39 வரை அதிலேயே ஓட்டினார்கள், அடுத்து 2.6.40 ஆக வந்திருக்க வேண்டியதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 3.0 ஆக்கினார். பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எண் நீண்டுவிட்டது, அவ்வளவுதான் என்று அவரே சொன்னார். 3.19-க்கு அப்புறம் 4.0, 4.20-க்கு அப்புறம் 5.0, 5.19-க்கு அப்புறம் 6.0 வந்ததும் அதே கணக்குதான். இது விளையாட்டுத்தனமாகத் தெரியலாம், ஆனால் பயனரின் நிரலை உடைக்கக் கூடாது என்பது கெர்னலில் இரும்பு விதி. எதையும் உடைக்காதவர்கள் எண்ணை எப்படி ஏற்றினால் நமக்கென்ன? அப்படியும் சில நிரல்கள் '2.6' என்று தொடங்கும் என்றே நம்பி எழுதப்பட்டிருந்ததால் 3.0-ஐப் பார்த்து முழித்தன, அவற்றுக்காகவே கெர்னல் தன்னை 2.6.40 என்று பொய் சொல்லிக்கொள்ள ஒரு வசதி சேர்க்க வேண்டியதாயிற்று!

இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற மென்பொருள் 2023 மார்ச் 20-இல், தன் 25-ஆவது பிறந்தநாளில், 7-இலிருந்து 8-க்குப் போனது. பழையதை எதுவும் உடைக்காமல்தான் போனார்கள், ஆனால் ஒரு பிழை தப்பிவிட்டதால் அதே நாளில் 8.0.1 போட வேண்டியதாகிவிட்டது. கேக் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் லினக்ஸில் திரையின் தோற்றத்தைத் தரும் கேடிஇ-யின் 4.0 போன்ற வெளியீட்டில்தான். 2008 ஜனவரியில் வந்தது. அடித்தளம் புதிது, பழைய வசதிகள் பலவும் இன்னும் வந்து சேரவில்லை, இது முதலில் நிரலாளர்களுக்கும் முன்னோட்டம் பார்ப்பவர்களுக்கும்தான் என்று அவர்கள் சொல்லவும் செய்தார்கள். யார் காதில் விழுந்தது? 4.0 என்ற எண்ணைப் பார்த்து லினக்ஸைத் தொகுத்து வழங்கும் விநியோகங்கள் சாதாரண ஆட்களின் கணினியில் அதை ஏற்றிவிட, கோபித்துக்கொண்டு க்னோம் என்ற அதன் போட்டி மென்பொருளுக்குப் போனவர்களில் டோர்வால்ட்ஸும் ஒருவர்.

எண்ணை ஏற்றவே பயப்படுகிற கூட்டமும் உண்டு. படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருள் 2003-இல் தொடங்கியது, 1.0 வந்தது 2020 மே மாதம். அதற்குள் எத்தனையோ அச்சகங்களில், டிசைன் கடைகளில் 0.92 தினசரி வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூஜ்யத்தில் தொடங்கினால் 'இன்னும் எதுவும் உறுதியில்லை' என்று பொருள். ஊரே அதை நம்பிப் பிழைக்கும்போது அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது அடக்கம் மாதிரி எனக்குப் படவில்லை, பொறுப்பைத் தள்ளிப்போடுவது மாதிரிதான் படுகிறது. என் கருவியும் மூன்று வருஷம் 0.9-இல் கிடந்தது, எனவே இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை.

இனி ஜிம்ப்புக்கு வருகிறேன். 2018-இல் வந்த 2.10 உள்ளுக்குள் பெரிய மாற்றம், படத்தைக் கையாளும் எந்திரமே மாறி, வண்ண நுட்பம் கூடியது. ஆனாலும் முதல் எண்ணைத் தொடவில்லை, பழைய செருகுநிரல்கள் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்கள்) பெரும்பாலும் அப்படியே ஓடின. 3.0-இல், திரையில் பொத்தான், பட்டியெல்லாம் வரைந்து தரும் லைப்ரரியான ஜிடிகே 2-ஐ விட்டு ஜிடிகே 3-க்குப் போனார்கள், செருகுநிரல்களோடு பேசும் முறை மாறியது, பைதான் 2-இல் எழுதியவை எல்லாம் நின்றன. என் நண்பரின் டிசைன் கடையில் கல்யாணப் பத்திரிகைப் படங்களை மொத்தமாகச் சிறிதாக்கும் ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதற்காகவே ஒரு கணினியில் 2.10-ஐ விட்டு வைத்திருக்கிறார். 3 என்ற எண் அவரிடம் சொல்ல வந்தது அதைத்தான். உங்கள் கட்டுரையில் புது வசதிகள் பட்டியலாக இருந்தன, பழைய செருகுநிரல் ஓடாது என்ற ஒரு வரி இல்லை. அடுத்த முறை அந்த ஒரு வரியை மேலே போடுங்கள், லோகோ படத்தைச் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும்.

என் 2.0 அடுத்த மாதம் வருகிறது. ஒகர, ஓகார, ஔகாரங்கள் ஒற்றைக் குறியாகும், பழையபடியே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அறிவிப்பின் முதல் வரியே 'பழைய கோப்புகளை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்' என்பதுதான். போன் செய்த அந்தப் பதிப்பகத்துக்காரர் தன் பக்கங்களில் முதலில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். புது லோகோ 2.1-இல் வரும்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர் ஒருவர்,
மதுரை.