உரிமை யாருக்கு என்று சொல்லவாவது செய்யட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடியோ கேம் நிறுவனங்கள் கைமாறுவது பற்றிய உங்கள் கட்டுரை, யார் யாரை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதோடு நின்றுவிட்டது. விலைபோன நிறுவனங்களின் பழைய கேம்கள் என்ன ஆயின என்றும் கேட்டிருக்கலாம்.

'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' 2000இல் வந்த கேம். 1960களின் உளவுப் படங்களைக் கிண்டலடிக்கும் கதை. நாயகி கேட் ஆர்ச்சர். உருவாக்கியது மோனோலித், வெளியிட்டது ஃபாக்ஸ் இன்டராக்டிவ். 2003இல் ஃபாக்ஸின் அந்தப் பிரிவு பிரெஞ்சு நிறுவனமான விவெண்டியிடம் போனது. அடுத்த ஆண்டு மோனோலித்தை வார்னர் வாங்கியது. 2025இல் மூடியும் விட்டது. விவெண்டியின் கேம் பிரிவு 2008இல் ஆக்டிவிஷனோடு சேர்ந்தது. அப்புறம் ஃபாக்ஸ் டிஸ்னி வசம், ஆக்டிவிஷன் மைக்ரோசாஃப்ட் வசம். ஆக, இன்று இந்தக் கேமை மறுபடி வெளியிட அனுமதி கேட்பவர் வார்னர், டிஸ்னி, மைக்ரோசாஃப்ட் என்று மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டும்.

பழைய கேம்களைப் புதுக் கணினிகளில் ஓடவைத்து விற்கும் நைட்டைவ், பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த அனுமதி வாங்கும் முயற்சியில் இறங்கியது. உரிமை தங்களிடம் இருக்கிறதா என்று அப்போது ஆக்டிவிஷனுக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் அந்தப் பழைய ஒப்பந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ! ஆனால் 2014இல் நைட்டைவ் கேமின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்ததும் வார்னர் ஆட்சேபித்தது. தாங்களும் வெளியிடவில்லை, உரிமமும் தரவில்லை.

இதே நைட்டைவ் 2013இல் இன்னொரு பழைய கேமான 'சிஸ்டம் ஷாக் 2'வை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடியபின் உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. (கேம்காரர்களைவிட இன்ஷூரன்ஸ்காரர்களிடம் பேச்சுவார்த்தை சுலபமாக முடிந்திருக்கிறது.)

'அதான் நெட்டில் சும்மா கிடைக்கிறதே' என்பார்கள். சரி, ரசிகர்கள் பகிர்கிறார்கள்தான். காசு கொடுத்து நேர்மையாக வாங்க நினைப்பவர் என்ன செய்வது? அமெரிக்கச் சட்டப்படி இதன் பதிப்புரிமை 2095 முடியும்வரை இருக்கிறது.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்குக் கனடாவில் பதிப்புரிமை வாரியமே உரிமம் தர முடியும். அந்த ஏற்பாட்டை அமெரிக்காவும் கொண்டுவந்து, 'எங்களுடையதாக இருக்கலாம்' என்று இழுக்கும் நிறுவனங்களுக்கும் பொருத்த வேண்டும். ஆட்சேபிப்பவர் ஆறு மாதத்துக்குள் ஒப்பந்தத்தைக் காட்டட்டும். காட்டாவிட்டால் வெளியிட விரும்புபவருக்கு உரிமம் கொடுத்து, உரிமத் தொகையை வைப்பில் போடலாம். பிறகு எப்போதாவது பெட்டியில் அந்தக் காகிதம் அகப்பட்டால் வந்து பணத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்