நானாவின் தையல் மெசின்

ஸ்காபரோ
தை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதம் வந்து மூண்டு கிழமை. போனில கதைச்சால் சின்னண்ணை பக்கத்தில நிண்டு கேப்பார் எண்டுதான் கடிதமாய்ப் போட்டனீங்கள் எண்டு விளங்குது. அதுதான் நானும் எழுதிறன்.

நான் சுகம். வெளியில மைனஸ் 18. மூக்கு மயிரும் உறையும் எண்டால் மாமி சிரிப்பா, சிரிக்கட்டும். காரை வித்துப்போட்டன், நடக்கிறது உடம்புக்கு நல்லம். இரவு வேலைதான் எடுத்திருக்கிறன், ஆக்கள் கரைச்சல் இல்லை. அக்காவின்ர காசு அடுத்த மாதம் கட்டாயம் வரும்.

வீடும் மாறியிட்டன். முதல் பாத்த வீட்டுக்காரி போனில நல்லாத்தான் கதைச்சா. பேரைக் கேட்டா, எழுத்துக் கூட்டிச் சொன்னன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வீடு போட்டுது எண்டா. அடுத்த கிழமையும் அதே விளம்பரம் கிடந்தது. இப்ப இருக்கிறது ஒரு பேஸ்மென்ற். நீங்கள் அனுப்பின கட்டாக் கருவாட்டைப் பொரிச்ச அண்டு, மேல் வீட்டுக்காரர் கதவில கடதாசி ஒட்டியிட்டினம். ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவர் வெறுங்கோப்பையோட வந்து நிக்கிறார், தனக்கும் தரட்டாம்! 87 வயசு, ஜப்பான் வழி ஆள். புட்டும் கருவாடும் கையாலயே சாப்பிட்டார். அவர் தாற முள்ளங்கி ஊறுகாய் மணத்துக்கு எங்கட கருவாடு பன்னீர்.

கிழவரின்ர தகப்பன் கனடாவின்ர மேற்குக் கரையில மீன்பிடிச்சவராம். 1942 இல கிழவருக்கு நாலு வயசு. ஜப்பானோட சண்டை எண்டதும், இஞ்ச இருந்த ஜப்பான்காரர் முழுப்பேரும் உளவாளிகள் எண்டு சொல்லி, இருபத்தோராயிரம் பேருக்கு மேல கரையில இருந்து கிளப்பினவை. அரைவாசிக்கு மேல இந்த நாட்டிலயே பிறந்தவை. வான்கூவரில மாட்டுக் கண்காட்சிக் கொட்டிலுக்க வைச்சிருந்தவையாம். "சாணி மணம் மட்டும்தான் ஞாபகம்" எண்டார். வள்ளத்தை, வீட்டை அரசாங்கமே வித்து, அந்தக் காசிலயே அவையளின்ர சாப்பாட்டுச் செலவையும் எடுத்ததாம். உளவு பாத்ததெண்டு ஒருத்தர் மேலயும் வழக்கில்லை. சண்டைக்குக் கனகாலம் முதலே, 1920களில, அவையளின்ர மீன்பிடி லைசென்சைக் குறைச்சுக்கொண்டு வந்தவை எண்டும் சொன்னார். பொறாமை முதல் வந்தது, உளவாளி எண்ட சொல் பிறகு வந்தது. 1949 மட்டும் கரைக்குத் திரும்பேலாது. 1988 இல மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்தவைக்கு ஆளுக்கு 21,000 டொலர் குடுத்தினம். தகப்பன் அதுக்கு முதலே போயிட்டார். தாய் தகப்பன் பயத்தில ஜப்பான் பாஷையே வீட்டில கதைக்கேல்லையாம். கிழவருக்கு இப்ப சாப்பாட்டுப் பேருகள் மட்டும்தான் தெரியும்.

அண்டைக்கு இரவு உங்கட கடிதத்தைத் திரும்ப வாசிச்சன். தையல் நானாவின்ர மூத்த மகள் புத்தளத்தில இருந்து வந்து, சோனகத் தெருவில திரும்ப இருக்கிறா, மெசினைக் கேட்டவ எண்டு எழுதியிருக்கிறியள். "அவையளை நம்பேலாது" எண்டும் எழுதியிருக்கிறியள். அம்மா, அவையள் எங்களிட்ட ஒண்டும் களவெடுக்கேல்லை.

எனக்கப்ப பத்து வயசு. 1990 ஒக்ரோபர் 30. முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகோணும் எண்டு இயக்கம், புலிகள்தான், ஒலிபெருக்கியில அறிவிச்சுக் குடுத்தது இரண்டு மணித்தியாலம். நானா மெசினை ஒழுங்கையால தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, வைச்சிருங்கோ, வந்து எடுக்கிறன்" எண்டவர். அப்பா படலையைச் சாத்தினவர். காட்டிக்குடுக்கிற ஆக்கள் எண்டு பள்ளிக்கூடத்தில நாங்களும்தான் சொன்னனாங்கள். அதுக்கு முதல் நாள் நானா வீட்டில வட்டிலப்பம் தின்ன வாய் இது. அஞ்சு வருசம் கழிச்சு, அதே திகதியில, ஆமி வருகுதெண்டு யாழ்ப்பாணத்தை விட்டு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால நாங்கள் நடந்தம். ஒருத்தருக்கும் அப்ப நானா ஞாபகம் வரேல்லை. எனக்கும் வரேல்லை.

மத்தியானத்தில அந்த மெசின் சத்தம் கேட்டுக்கொண்டே நித்திரை கொள்ளுவன். இஞ்ச ஹீட்டர் சத்தம்தான். சில வேளை அது மாதிரியே கேக்கும், எழும்பி இருப்பன்.

35 வருசம் பாத்து வைச்சிருந்ததுக்குக் காசு வாங்கோணும் எண்டு சின்னண்ணை சொன்னாராம். அப்பா போன பிறகு அதில சட்டை தைச்சுத்தானே எங்களை வளத்தனீங்கள். வாடகை ஆர் ஆருக்குக் குடுக்கோணும் எண்டு கேளுங்கோ.

ஓட்டோவில ஏத்தி அவவின்ர வீட்டிலயே இறக்குங்கோ, கூலியை நான் அனுப்புறன். அதுக்கு முதல் எண்ணெய் விட்டு, பெல்ற்றையும் மாத்திவிடச் சொல்லுங்கோ. லாச்சிக்குள்ள நானாவின்ர அளவுக் கொப்பி கிடக்கும், அதையும் குடுங்கோ. என்ர களிசான் அளவும் அதிலதான் இருக்கு, வளருற பிள்ளை எண்டு இரண்டு அங்குலம் கூட்டி எழுதினவர்.

அன்பு மகன்
குட்டி