சமுதாயக் கூடம் மற்றும் புயல் பாதுகாப்பு மையம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள பங்கு மக்களுக்கு, கட்டடக் குழு பணிவுடன் சமர்ப்பிக்கும் அறிக்கை.

நமது கூடம் கட்டி முடிக்கப்பட்டு அர்ச்சிக்கப்பட்டுவிட்டது. மதிப்பீடு 62,00,000 ரூபாய், செலவானது 71,40,000 ரூபாய். கூடுதலான 9,40,000 ரூபாய் எங்கே போயிற்று என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்த கேள்வி நியாயமானது என்பதால் முதலில் அதற்கே பதில் சொல்கிறோம்.

பதினெட்டுத் தூண்களில் ஆறு தூண்களை இடித்துவிட்டு மறுபடி வார்த்தோம். "நின்ற தூணை இடித்த குழு" என்ற பழி எங்களுக்கு வந்தது அதனால்தான். வார்ப்புப் பலகை பிரித்த அன்று ஒரு தூணின் அடியில் கம்பியின் போக்கிலேயே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. எங்கள் குழுவில் இருக்கும் படகு எஞ்சின் மெக்கானிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். சிமெண்டு உதிர்ந்தபோது விரல் நகத்தளவு ஆழத்திலேயே கம்பி நின்றது. கடல் உப்புக்காற்று படும் இடத்தில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த நிபந்தனை. கம்பி பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைக்க வேண்டிய இடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உடைந்த சல்லியைச் செருகியிருந்தார்கள். மேலே பூச்சு பூசினால் போதும் என்று ஒப்பந்தக்காரர் வாதிட்டார். உப்பு உள்ளே இறங்கித் துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும் என்பதை நம் கரையில் விரிசல் விட்டு நிற்கும் எத்தனையோ வீடுகளின் சன்ஷேடுகளே சொல்லும். புயல் நாளில் பிள்ளைகளோடு ஒதுங்கப்போகும் கட்டடத்தின் காலில் அந்தக் குறையை வைத்துப் பூசி மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏழு வாரம் வேலை நின்றது. வழக்குக்குப் போகலாம் என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். பங்குத்தந்தை இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியதில், மறுவார்ப்புச் செலவான 4,20,000 ரூபாயை ஆளுக்குப் பாதியாக ஏற்பது என்று முடிவாயிற்று. நம் பங்கு 2,10,000 ரூபாய். முழுத் தொகையையும் அவரிடமே வாங்கியிருக்க வேண்டும் என்பவர்களின் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனால் வழக்கு நடக்கும் காலமெல்லாம் கம்பிகள் கடற்காற்றில் வெறுமனே நின்றிருக்கும்.

கோடையில் கிணற்று நீர் உப்புக் கரித்ததால் கான்கிரீட் கலக்கவும் வார்த்தபின் அதை நனைக்கவும் உள்நாட்டிலிருந்து லாரியில் நன்னீர் கொண்டுவந்தோம். அதற்கு 1,70,000 ரூபாய்.

மீதி 5,60,000 ரூபாய் வயர்லெஸ் அறைக்கும் கோபுரக் கம்பத்துக்கும் ஜெனரேட்டருக்கும் ஆனது. இந்தப் பணத்தில் திருவிழா வளைவு கட்டியிருக்கலாம் என்று கேட்டவர்கள் 2017 நவம்பர் 30ஐ நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். முந்தின நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது காலையில் ஒக்கிப் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. வயர்லெஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், கம்பம் உயர உயரத்தான் தூரத்துப் படகுக்குக் குரல் எட்டும். மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆழ்கடலின் கடைசிப் படகுவரை இது எட்டாது. எட்டும் தூரத்தில் இருப்பவரையாவது திருப்பி அழைக்க இனி நம்மிடம் ஒரு குரல் இருக்கிறது.

கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் விட்டது பணம் போதாமையால் அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் குமரி மாவட்டத்து மணக்குடிப் பாலத்தையே பெயர்த்த சுனாமி அலையைச் செங்கல் சுவரால் தடுக்க முடியாது. சுவர் இருந்தால் அலை முட்டி மோதும், தூண்கள் மட்டும் நின்றால் ஊடே கடந்துபோகும். அதனால்தான் கூடமும் அறைகளும் மாடியில் உள்ளன. வயதானவர்களுக்காகப் படியோடு சாய்தளமும் வைத்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் வலை காயப்போடலாம், அடைத்துக் கடை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

கழிப்பறை, மின்சாரம், வண்ணப்பூச்சு ஆகிய வேலைகள் மதிப்பீட்டுக்குள்ளேயே முடிந்தன.

பிடித்த மீனில் ஒதுக்கும் பங்கான தெரிப்பு வரவை இரண்டு ஆண்டு விட்டுக்கொடுத்த கரைத்தொழிலாளர்கள், விசைப்படகு உரிமையாளர்கள், மாதந்தோறும் அனுப்பிய வளைகுடா நாட்டு இளைஞர்கள், பன்னிரண்டு அன்பியங்கள் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்), மகளிர் சுய உதவிக் குழுக்கள், சந்தையில் கூடை சுமக்கும் பெண்கள், வலை பின்னும் தொழிலாளர்கள், உண்டியலை உடைத்துக்கொண்டு வந்த மறைக்கல்விப் பிள்ளைகள், ஜன்னல்களுக்கு மரம் தந்த குடும்பங்கள், ஒரு நாள் கூலியைத் தந்த கொத்தனார்கள் அனைவருக்கும் நன்றி. ஒவ்வொருவர் பெயரும் தொகையும் ஆலய அறிவிப்புப் பலகையில் உள்ளன. ஒக்கியில் மகனை இழந்த தாய் ஒருவர் வயர்லெஸ் அறைக்கென்று 5,000 ரூபாய் தந்து, பெயர் எழுத வேண்டாம் என்றார். அந்த வரி மட்டும் பெயரின்றி இருக்கிறது.

ரசீதுகளும் வங்கிக் கணக்கும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய கடைசித் தவணையைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஒரு தென்மேற்குப் பருவமும் ஒரு வடகிழக்குப் பருவமும் கடந்த பின், பதினெட்டுத் தூண்களையும் தட்டிப் பார்த்துத்தான் அது கொடுக்கப்படும்.

இப்படிக்கு,
கட்டடக் குழு