எலும்பின் வயதும் பிறந்த தேதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் வயதைக் குறைத்துக் காட்டுவோரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்த மோசடி ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கும் எலும்புப் பரிசோதனை செய்தால் உண்மையான வயது தெரிந்துவிடும் என்று அதில் கூறியிருப்பதை ஏற்க முடியவில்லை.

அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் நான். எட்டாம் வகுப்பு மாணவர்களை உயரப்படி நிறுத்தினால், ஒரே மாதத்தில் பிறந்த இருவரில் ஒருவன் வரிசையின் தொடக்கத்திலும் மற்றவன் கடைசியிலும் நிற்பதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். எலும்புக்குள்ளும் இதே வேறுபாடு இருக்கிறது. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. பின்னர் அவை ஒவ்வொன்றாகக் கடினப்பட்டுத் தெரியத் தொடங்குகின்றன. அந்த வரிசை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. வேகம் மட்டும் குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. பெண் குழந்தைகளுக்கு அது விரைவு. தைராய்டு சுரப்பு குறைந்தாலோ, ஊட்டக்குறைவோ நெடுநாள் நோயோ இருந்தாலோ எலும்பு பிந்தும். உடற்பருமனும் முன்கூட்டியே வரும் பூப்பும் அதை முந்தச் செய்யும். நோய் எதுவும் இல்லாமல், தாயையோ தந்தையையோ போலத் தாமதமாக வளர்ந்து, பிற்பாடு மற்றவர்களை எட்டிப்பிடிக்கும் பிள்ளைகளும் ஏராளம்.

இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தை ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் பரவலாகப் பயன்படுவது, கிரூலிச், பைல் என்னும் இருவர் 1950இல் வெளியிட்ட படத்தொகுப்பு. அதன் படங்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வசதியான வெள்ளையினக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை. பிறந்த தேதி தெரிந்த குழந்தையின் வளர்ச்சி முந்துகிறதா, பிந்துகிறதா என்று மருத்துவர் அறிவதற்கு அது அரிய கருவி. அதையே நாம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எலும்பைப் பார்த்துப் பிறந்த தேதியைச் சொல்ல முற்படுகிறோம். வளரிளம் பருவத்தில் எலும்பு வயது, அதாவது எலும்பின் வளர்ச்சி காட்டும் வயது, உண்மை வயதைவிட ஓர் ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட, முன்பின்னாக இருப்பது இயல்பே என்பதை மறந்துவிடுகிறோம்.

என் மாணவன் ஒருவன் நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் முதலிடம் பெற்றவன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தவன். பிறந்த சில நாட்களிலேயே பிறப்பு பதிவாகியிருந்தது. பதினான்கே வயதில் அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. தேர்வின்போது எடுத்த படம் எலும்பு வயது 16 என்று காட்டியதால், சான்றிதழைப் புரட்டியும் பாராமல் அவனை நீக்கிவிட்டார்கள். வாய்ப்புப் போனதைவிட, பொய்யன் என்ற பெயர் வந்ததுதான் அவனை ஒடித்தது. அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. எக்ஸ்ரே பரிசோதனையால் கணிக்கும் வயதில் இருபுறமும் இரண்டு ஆண்டுகள் பிழை இருக்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஜெயமாலா வழக்கில் குறிப்பிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவும் பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையுமே முதலில் பார்க்கச் சொல்கிறது. அவை இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்குக் கிடைக்கும் இந்த முறை, ஓடவும் தாண்டவும் வரும் சிறுவனுக்கும் கிடைக்க வேண்டாமா?

சான்றிதழ் போலி என்ற ஐயம் எழுந்தால் பதிவேட்டைச் சரிபார்க்கட்டும். எலும்பு வயதை எழுதும்போது பிழை எல்லையையும் சேர்த்தே எழுதட்டும். நீக்குவதற்கு முன் குழந்தை நல மருத்துவர் ஒருவர் அந்தப் பிள்ளையை நேரில் பார்க்கட்டும். தங்கள் இதழ் இவற்றை விளையாட்டு அமைப்புகளின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.