நாடோடி இனத்தைப் படைப்பவர்கள் முதலில் தண்ணீர்க் கணக்கைப் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் மாயக்கற்பனைக் கதைகளுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்து வருகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு நாடோடி இனம் வந்துவிடுகிறது. எங்கிருந்தோ குதிரையேறி வருகிறார்கள், பத்தாயிரம் பேர் கோட்டைக்கு வெளியே கூடாரம் அடிக்கிறார்கள், மூன்று மாதம் முற்றுகையிடுகிறார்கள், பிறகு காற்றோடு காற்றாகப் போய்விடுகிறார்கள். குதிரைகள் எதைத் தின்றன, எங்கே தண்ணீர் குடித்தன என்று ஒரு வரி கூட இல்லை. நாடோடி வாழ்க்கையில் அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பண்டிகை, திருமணம், போர், வீட்டின் அமைப்பு எல்லாமே மேய்ச்சலும் தண்ணீரும் போட்ட கணக்குக்குக் கட்டுப்பட்டவை. கற்பனை இனத்துக்கும் இதில் விலக்கு இல்லை.

அந்த முற்றுகையையே எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும், உலர் எடையில் சுமார் 10 கிலோ புல் தின்னும். மங்கோலியக் குதிரை வீரர்கள் மாற்றுக் குதிரைகளோடுதான் போருக்குப் போனார்கள். ஆளுக்கு மூன்று என்று வைத்தால் பத்தாயிரம் வீரர்களுக்கு 30,000 குதிரைகள். ஒரு நாளைக்கு 9 லட்சம் லிட்டர் தண்ணீர், 300 டன் புல். கோட்டையைச் சுற்றியுள்ள மேய்ச்சல் சில நாட்களில் கட்டாந்தரையாகிவிடும். அதனால் இப்படிப்பட்ட படை பல பிரிவுகளாக வெவ்வேறு தடங்களில் வரும், ஒரே ஏரியை நம்பாது, புல் இருக்கும் பருவம் பார்த்துத்தான் புறப்படும். கதாசிரியர் இதை மனதில் வைத்தால் போர்க்கதை இன்னும் விறுவிறுப்பாகும். எதிரிக்குக் கோட்டைக் கதவைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்கிறது: சுற்றுவட்டாரப் புல்லுக்குத் தீ வைத்தால் போதும்.

அடுத்து, நாடோடிகள் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதாக எழுதுவது. மங்கோலியாவில் பல குடும்பங்கள் வருடத்துக்கு நான்கைந்து முறைதான் இடம் மாறுகின்றன, அதுவும் பழகிய இடங்களுக்கே. குளிர்காலத்துக்கு வாடைக்காற்று படாத மலைச்சரிவில் நிலையான ஓர் இடம் இருக்கும். அங்கே ஆட்டுத்தொழுவத்தில் பல வருடச் சாணம் இறுகி மெத்தைபோலக் கிடக்கும். தரையின் குளிர் ஆடுகளுக்கு ஏறாமல் காப்பது அதுதான். வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும், அப்போது தூரம் போக முடியாது. கோடையில் நீரும் புல்லும் தாராளமாக உள்ள இடம், இலையுதிர் காலத்தில் கொழுப்பு ஏற்றுவதற்கான மேய்ச்சல். அந்தக் கொழுப்புதான் குளிர்காலச் சேமிப்பு.

கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே 'ஸுத்' என்ற பேரிடர் இருக்கிறது. கோடையில் மழை பொய்த்தால் ஆடுமாடு கொழுக்காது. பின்னால் வரும் குளிர்காலம் கடுமையானால் மந்தை மந்தையாகச் சாகும். பனி ஆழமாகப் பெய்து புல்லை மூடினால் அது வெள்ளை ஸுத். பனி ஒருமுறை உருகி மறுபடி உறைந்து, குளம்பால் உடைக்க முடியாத பனிக்கட்டித் தகடாக நின்றால் இரும்பு ஸுத். பனியே பெய்யாவிட்டாலும் ஆபத்துதான். குளிர்காலத்தில் கால்நடைகளுக்குப் பனிதான் தண்ணீர் என்பதால் அது கறுப்பு ஸுத். 2009–10 குளிர்காலத்தில் மட்டும் அங்கே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. இருந்ததை எல்லாம் இழந்த குடும்பங்கள் தலைநகர் உலான்பாட்டரின் விளிம்பில் போய்க் குடியேறின. ஒரு கற்பனை இனத்தின் வீழ்ச்சியைச் சொல்ல இருள் அரசன்தான் வேண்டும் என்றில்லை. தவறான நேரத்தில் உருகி உறைந்த ஒரு நாள் பனி போதும்.

மந்தையைக் கலந்து வைப்பதற்கும் காரணம் உண்டு. குதிரை குளம்பால் பனியைக் கிளறித் திறக்கும், அது மேய்ந்து மிச்சம் விட்டதை ஆடுகள் மேயும். வெள்ளாடு முன்னால் நடக்கும், செம்மறி பின்தொடரும். மங்கோலியர்கள் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்ற ஐந்தையும் சேர்த்தே பேசுவார்கள். கதையில் ஒரே ஒரு விலங்கை மட்டும் நம்பி வாழும் இனத்தைப் படைத்தால், ஒரு கொள்ளைநோய் வந்ததும் அந்த இனம் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கூடாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், கதைகளில் அதிகம் தவறாவது இங்கேதான். ஒரு சொடுக்கில் விரியும் துணிக் குடை போல எழுதிவிடுகிறார்கள். மங்கோலியர்களின் 'கெர்' என்ற வட்டக் கூடாரத்தில் முதலில் கதவுச் சட்டத்தைத் தெற்கு பார்த்து நிறுத்துவார்கள். அதிலிருந்து தொடங்கி, மடித்து விரிக்கக்கூடிய மரப்பின்னல் சுவர்களை வட்டமாக நிறுத்தி ஒன்றோடொன்று கட்டுவார்கள். பிறகு நடுவில் இரண்டு கம்பங்கள்மேல் உச்சி வளையத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் கூரைக் கழிகளை ஒவ்வொன்றாக வளையத் துளையில் செருகி, கீழ் நுனியைச் சுவரின் தலையில் மாட்டுவார்கள். அதன்மேல் நமுதா, அதாவது கம்பளியை அழுத்தி இறுக்கிய கனத்த விரிப்பு, அதன்மேல் வெள்ளைத் துணி, கடைசியில் கயிறுகள். கைகள் நிறைய இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் உயிர்நாடி சுவரைச் சுற்றிக் கட்டும் அரைக்கயிறு. கூரையின் பாரம் கழிகள் வழியாக இறங்கிச் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அரைக்கயிறு தளர்ந்தால் சுவர் அகலும், உச்சி வளையம் கீழே இறங்கும், கழிகள் கழன்று விழும். புயல் வந்தால் உச்சி வளையத்திலிருந்து உள்ளே தொங்கும் கயிற்றில் கனமான கல்லைக் கட்டிக் கூரையைக் கீழ்நோக்கி இழுத்து வைப்பார்கள். ஈர நமுதாவைச் சுருட்டி ஏற்றினால் பாரம் வெகுவாகக் கூடும், அப்படியே வைத்தால் மக்கிவிடும். மழை விட்டதும் உடனே கிளம்பினார்கள் என்று எழுதுமுன் கதாசிரியர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளேயும் ஒழுங்கு உண்டு. கதவுக்கு எதிரே வடக்குப் பக்கம் பெரியவர்களுக்கும் தெய்வப் படங்களுக்கும். மேற்கே ஆண்கள், சேணம், விருந்தாளிகள். கிழக்கே பெண்கள், பாத்திரம் பண்டம். நடுவில் அடுப்பு, எரிப்பதற்கு உலர்ந்த சாணம். நிலைப்படியை மிதிக்கக் கூடாது, இரண்டு கம்பங்களுக்கு இடையே புகுந்து நடக்கக் கூடாது. எத்தனை முறை இடம் மாறினாலும் வீட்டின் உட்புறம் மாறாது, இருட்டிலும் கை நீட்டினால் கரண்டி இருக்கும் இடத்தில்தான் இருக்கும். வெளியிலிருந்து வருபவர் கதவைத் தட்டுவதில்லை. தூரத்திலிருந்தே "நாயைப் பிடியுங்கள்" என்று குரல் கொடுப்பார். சகாராவின் துவாரெக் மக்களிடம் கூடாரம் மனைவிக்குச் சொந்தம். மணமுறிவு ஏற்பட்டால் வெளியேற வேண்டியவன் கணவன். கூடாரம் யாருடையது என்ற ஒரே கேள்விக்குப் பதில் முடிவு செய்தால் ஓர் இனத்தின் பாதிச் சட்டம் தானாக எழுதப்பட்டுவிடும்.

மந்திரத்துக்கும் இங்கேயே விதை இருக்கிறது. மங்கோலியாவின் கோபிப் பாலைவனப் பகுதியில் தாய் ஒட்டகம் சில சமயம் தன் கன்றை ஏற்காது, பால் கொடுக்க மறுக்கும். அல்லது தாய் செத்துப்போன கன்றை வேறொரு ஒட்டகத்திடம் சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது தாயைக் கன்றின் அருகே கட்டி, இரண்டு நரம்புகள் கொண்ட குதிரைத்தலை வாத்தியத்தை அல்லது குழலை வாசித்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மெல்லிய ராகத்தில் பாடுவார்கள். தாய் இளகிக் கன்றை முகரும் வரை பொழுதைப் பற்றிக் கவலைப்படாமல் பாட்டு தொடரும். யுனெஸ்கோ 2015இல் இந்தச் சடங்கை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இப்படி ஒரு பாட்டு இருக்கும்போது, இடி மின்னலை வரவழைக்கும் மந்திரங்களை எழுதிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு கன்று பிழைக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறக்கும் மந்திரத்துக்குத்தான் எடை இருக்கும்.

நம் மண்ணின் விலங்கைக் கொண்டு ஓர் இனத்தைக் கட்டிப் பார்க்கலாம். கோயில் தூணில் நிற்கும் யாளியை வளர்க்கும் நாடோடிகள் என்று வைத்துக்கொள்வோம். யானை அளவு யாளி புல் தின்னுமானால் யானையைப்போல நாளுக்கு 150 கிலோ பசுந்தீவனமாவது வேண்டும். 100 யாளிக்கு 15 டன். எனவே கூட்டம் சிறியதாக இருக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாறும். சிங்க முகம் இருப்பதால் இறைச்சிதான் தின்னும் என்றால் கணக்கு இன்னும் கடுமை. சிங்கத்துக்கு நாளுக்குச் சராசரியாக 6 கிலோ இறைச்சி. உடல் பெருக்கப் பெருக்க ஒரு கிலோ எடைக்கான தீனி குறையும் என்பதையும் சேர்த்தால் யாளிக்கு உத்தேசமாக 60 கிலோ, அதாவது நான்கு ஆடு. 20 யாளிக்கு நாளுக்கு 80, வருடத்துக்கு 29,200 ஆடுகள். மந்தையில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கழிக்கலாம் என்றால் கிட்டத்தட்ட 90,000 ஆடு வளர்க்க வேண்டும். ஆட்டுக்கு வெயில் காலத்தில் 4 லிட்டர் தண்ணீர் என்றாலும் நாளுக்கு மூன்றரை லட்சம் லிட்டர்! 20 யாளிக்காக ஓர் இனமே ஆடு மேய்த்துச் சாகும். இதற்குத் தீர்வு மலைப்பாம்பிடம் இருக்கிறது. யாளி மாதத்துக்கு ஒருமுறை வயிறு நிறையத் தின்று மற்ற நாட்களில் அசையாமல் கிடக்கும் என்று வைத்தால் தீனி பல மடங்கு குறையும். அந்த நாள்தான் அவர்களுடைய திருவிழா. யாளி உறங்கும் நாட்களில் அவர்கள் தாக்குதலுக்கு எளிய இலக்கு, அதனால் அந்தத் தேதியே இனத்தின் பரம ரகசியம். கதை தானாகவே நகரத் தொடங்குகிறது.

நாடோடிகளுக்கு எதுவும் தேவையில்லை என்பதும் பொய். மங்கோலியர்களின் உப்புப் பால்தேநீருக்குக் கட்டித் தேயிலை சீனத்திலிருந்துதான் வந்தது. தானியம், இரும்பு என எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்கள் வேண்டும். நமது சங்கப் பாடல்களில் உமணர்கள் என்ற உப்பு வணிகர்கள் உப்பு வண்டியோடு மேடும் பள்ளமும் கடக்கிறார்கள். வழியில் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். சேமஅச்சு இல்லாத வண்டிக்கூட்டத்தை இனி யாரும் கதையில் எழுதக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தொடரை ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தாளரையும் ஓவியரையும் ஓர் ஆட்டுக்கிடைக்கு அனுப்பி வையுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் என்ற ஆட்டிடையர்கள் சம்பா அறுவடை முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரி டெல்டாவுக்குப் போகிறார்கள். இரவில் வயலில் கிடை போட்டு, சாணமும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குவதற்கு விவசாயியிடம் பணமாகவோ நெல்லாகவோ கூலி பெறுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்குமுன் வயலைவிட்டு வெளியேற வேண்டும். ஐப்பசி அடைமழையில் மாட்டினால் குளம்பு அழுகும், நீலநாக்கு நோய் பரவும். மாசி, பங்குனியில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போனால் பார்க்கலாம். பகலில் மந்தை மேய்ச்சலில் இருக்கும், பொழுது சாயும் நேரத்துக்குப் போகச் சொல்லுங்கள். அன்று காலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள், எங்கே தண்ணீர் காட்டினார்கள், நாளை எந்த வயல் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கீதாரியிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை.