படகுத் தளத்தில் கார்ப்பெட் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை சீசனுக்காக ஏரிப் படகுகளைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். புது வண்ணம், புது இருக்கை, புதுக் கார்ப்பெட் என்று எழுதியிருந்தீர்கள். வண்ணமும் இருக்கையும் சரி. கார்ப்பெட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தூத்துக்குடியில் ஃபைபர் படகு கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். மீன்பிடிப் படகுகளோடு சுற்றுலாப் படகுகளும் எங்கள் பட்டறைக்கு வரும். பயணிகள் ஏறும் படகின் தளத்தில் கார்ப்பெட் ஒட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிழிந்த கார்ப்பெட்டை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவதில் பயனில்லை. தளத்தையே வழுக்காத தளமாக மாற்ற வேண்டும்.

கார்ப்பெட் போட்டால் வழுக்காது என்பார்கள். புதிதாக இருக்கும்வரை அது உண்மைதான். ஒரு மழைக்காலம் போனதும் பாருங்கள். செருப்புச் சேறும் பாசியும் ஏறி, நார் படிந்து, தட்டையாகிவிடும். காலை நேரத்தில் ஈரத்தோடு இருக்கும்போது அதில் கால் வைத்தால் நன்றாகவே வழுக்கும். ஓரத்தில் பசை விட்டுவிடும், அந்த ஓரம் சுருண்டு மேலே நிற்கும். படகுத்துறை மேடையிலிருந்து படகுக்குள் முதல் காலை எடுத்து வைக்கும் இடத்தில்தான் இது முதலில் நடக்கிறது, ஏனென்றால் அங்கேதான் மிதி அதிகம். சேலை கட்டிய பெரியம்மாவும், கைக்குழந்தையோடு இருப்பவரும், ஆடுகிற படகில் அந்தச் சுருட்டலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது அடியில் இருக்கிறது. இந்தக் கார்ப்பெட் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நார். நார் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் இடுக்குகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் ரப்பர் முதுகு இருந்தால் காற்றும் போகாது. தளத்துப் பிளைவுட்டின் மேல் ஃபைபர் பூச்சு இருந்தாலும், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் போட்ட போல்ட் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு, அப்புறம் பலகை மக்கத் தொடங்கும்.

ஏரிப் படகுக்கு இதில் ஆபத்து அதிகம். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை உப்பு நீரில் எளிதில் வளராது, நல்ல தண்ணீரில் நன்றாக வளரும். மரப் படகின் தளத்தைக் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தில் இந்த நன்மையும் இருந்தது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மழையும் பனியும் சேர்ந்து கொள்கின்றன. அங்கே ஒட்டிய கார்ப்பெட் முழுதாகக் காய்வதற்கு வெயிலே போதாது.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஊர்ப் படகு என்பது இங்கே முக்கியமில்லை. கார்ப்பெட் மாற்றித் தரச் சொல்லி வந்தது. மேலே பார்த்தால் நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கத்தியால் பட்டை பட்டையாகக் கீறிக் குறடு போட்டு இழுத்தோம். அடியில் கடலைத் தோல், ஹேர்பின், கறுப்பாக வழவழவென்று ஒரு படலம், குப்பென்று பூஞ்சை நாற்றம். இருக்கைக் கால் பதிந்த இடத்தில் பலகை கறுத்துப் போயிருந்தது. ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் போல்ட் பிடிப்பே இல்லாமல் சுற்றியது. கையால் இழுத்ததும் மக்கிய மரத்தூளோடு வெளியே வந்துவிட்டது. குடும்பத்தோடு மக்கள் உட்கார்ந்து போன இருக்கை அது. கைப்பிடிக் கம்பியின் அடியிலும் அதே நிலைமை. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் பயணிகள் பிடிப்பது அந்தக் கம்பியைத்தான். அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

எடையும் இருக்கிறது. ஊறிய கார்ப்பெட், தண்ணீர் குடித்த பலகை, சில படகுகளில் மிதப்புக்காகத் தளத்துக்கு அடியில் வைத்து நனைந்து போன ஃபோம் எல்லாம் சேர்ந்து படகைத் தாழ்த்திவிடும். ஏற்றலாம் என்று எழுதி வைத்த ஆள் கணக்கு, படகு காய்ந்து புதிதாக இருந்தபோது போட்டது. கேரளத்தில் 2009-இல் தேக்கடியில் 45 பேரும், 2023-இல் தானூரில் 22 பேரும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அந்த விபத்துகளுக்குக் கார்ப்பெட் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் பற்றியும் ஆள் எண்ணிக்கை பற்றியும் எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். பயணிகள் நிற்கிற தளம் என்ன கதியில் இருக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம். விரிப்புப் போட்டு மூடிய தளத்தை யாரும் சோதிக்க முடியாது.

சரி, மாற்றாக என்ன செய்வது? செலவு குறைந்ததும் நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செய்யக்கூடியதும் மணல் தூவிய பெயின்ட்தான். முதலில் கார்ப்பெட்டையும் பசையையும் முழுதாக எடுக்க வேண்டும். இதுதான் மொத்த வேலையிலும் சள்ளை பிடித்த பகுதி. பிசுபிசுப்பை உப்புத்தாளால் தேய்த்தால் தாள்தான் அடைத்துக்கொள்ளும், முதலில் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஹீட் கன் வைப்பவர்கள் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் ஃபைபர் கெட்டுவிடும். மிச்சத்துக்கு அசிட்டோன், பசையைக் கரைக்கும் திரவம், எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிறகு சுத்தியல் பிடியால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை ‘டக்’கென்று பேசும், மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்து, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் (தண்ணீரைத் தாங்கும் பலகை) போட வேண்டும். பலகையின் வெட்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு போல்ட் ஓட்டைக்கும் உள்பக்கம் எபாக்சி என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசின் கொடுக்காமல் விட்டால் செய்ததெல்லாம் வீண். நான் பார்த்த பாதிப் பழுதுகள் இந்த ஓட்டைகளில் தொடங்கியவைதான்.

மேலே ஃபைபர் போட்டு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்டை ரோலரால் உருட்ட வேண்டும். எபாக்சியை மட்டும் அடித்துவிட்டால் வெயிலில் வெளுத்துப் பொடிந்துவிடும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்துக் காய்ந்த சிலிக்கா மணலைக் கோலமாவு தூவுகிற மாதிரி சீராகத் தூவ வேண்டும். காய்ந்ததும் ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துவிட்டு, அதன் மேல் இன்னொரு கோட். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்டைக் கொப்புளிக்க வைக்கும். தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் இரண்டு அங்குலம் மணல் இல்லாமல் விடுங்கள், தண்ணீர் தேங்காமல் ஓடும், துடைக்கவும் எளிது. நிறம் வெளிர் சாம்பல் போதும். கருமையாக அடித்தால் சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது. இந்த வேலை செய்யும் தொழிலாளிகளுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஃபைபர் தூசும் அந்தப் பெயின்டின் நெடியும் நுரையீரலைக் கெடுப்பவை.

மணல் குழந்தைகளின் முழங்காலைச் சிராய்க்கும் என்பது நியாயமான கவலை. உட்காரும் பகுதியில் மணலுக்குப் பதில் இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் மணிகளைக் கலக்கலாம், அது மென்மையாக இருக்கும். ஏறி இறங்கும் இடத்திலும் படியிலும் மணல்தான் வேண்டும். தளத்தில் ஒட்டுகிற, ரப்பர் மாதிரி மெத்தென்ற இ.வி.ஏ. ஃபோம் தாளும் இப்போது கிடைக்கிறது. காலுக்குச் சுகம், பார்வைக்கும் அழகு. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் தாராளமாக ஒட்டலாம். நாள் முழுக்கச் செருப்புக் கால்கள் ஏறி இறங்கும் பொதுப் படகில் ஓரம் பெயர்ந்து, மறுபடி அதே தொல்லை வரும் என்றே நினைக்கிறேன். விலையும் அதிகம். கார்ப்பெட் இன்ஜின் சத்தத்தை அடக்குகிறது என்று சில படகோட்டிகள் சொல்கிறார்கள். அது உண்மை. சத்தத்தை இன்ஜின் பெட்டியின் உள்பக்கத்தில் அடக்க வேண்டும், தளத்தில் வேண்டாம்.

டெண்டர் எழுதும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ‘கார்ப்பெட் மாற்றுதல்’ என்று ஒற்றை வரி எழுதினால், எடுப்பவர் நான்கு நாளில் பழைய பலகையின் மேலேயே புதியதை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். ‘கார்ப்பெட்டை நீக்கி, தளப் பலகையைச் சோதித்து, மக்கியதை மாற்றி, வழுக்காத பூச்சு அடித்தல்’ என்று எழுதுங்கள். பூச்சு அடிப்பதற்கு முன் தளத்தை நேரில் வந்து பார்ப்போம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் கிழக்குக் கடற்கரைப் பட்டறைகளில் மீன்பிடிப் படகுகள் நிறைந்துவிடும். சீசனும் அப்போதுதான் சூடு பிடிக்கும். அதனால் இந்த வேலைக்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் தோது. மழை இருக்காது, பெயின்டும் நன்றாக இறுகும்.

ஒரேயடியாக எல்லாப் படகுகளிலும் செய்யத் தயக்கமாக இருந்தால், ஒரு படகில் மட்டும் செய்து பாருங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதையும் கார்ப்பெட் போட்ட படகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் தளத்தையும் தட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுத் தொழிலாளி,
தூத்துக்குடி.